வெங்கடம்மாள் மெஸ்ஸில் வங்கி வைத்த கடன்

ஒரு வங்கி வெங்கடம்மாளுக்குப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தது. நான் மாற்றி எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம். வங்கிக்கு வெங்கடம்மாள் அல்ல, வெங்கடம்மாளுக்கு வங்கி. அதுவும் சாப்பாட்டுக் கடன்.

நம் ஓசூர் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னைப் பற்றி எழுதித் தரும்படிதான் செயலாளர் கேட்டார். என்னைப் பற்றி எழுதுவதென்றால் ஒரு மலர் காணாது. அதற்குத் தனியாகப் புத்தகம் போட வேண்டும், போடுவேன். இந்த வருஷம் வெங்கடம்மாள் இருக்கட்டும். அந்தம்மாளைப் பற்றி எழுதினாலும் நடுநடுவே நான் வரத்தான் செய்வேன். அந்த இடத்தில் நான் இருந்தேன், அதற்கு என்ன செய்ய முடியும்?

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நான் தீர்த்தகிரி. படிப்பு நாலாம் வகுப்பு. பாலக்கோட்டிலிருந்து தக்காளி லாரியின் மேல் உட்கார்ந்து ஓசூருக்கு வந்தேன். அப்போது சிப்காட்டில் கம்பெனிகளைவிடக் கற்றாழைதான் அதிகம். லேத்துப் பட்டறைகளில் சுருண்டு விழும் இரும்புத் தூளைக் கூட்டி அள்ளி விற்று, அந்தத் தூளிலிருந்தே மத்திகிரி ரோட்டில் மாடிக் கட்டடம் எழுப்பினேன். அந்த மாடியில்தான் அந்த வங்கிக் கிளை இருக்கிறது. கீழே அதன் ஏ.டி.எம். பட்டப்படிப்பு முடித்தவர்கள் லோனுக்காக அந்தப் படியில் ஏறி இறங்குகிறார்கள். நாலாவது படித்த எனக்கு மாசம் பிறந்தால் வங்கியே இறங்கி வந்து வாடகை கொடுக்கிறது. வங்கியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். இன்னும் வாடகை வந்துகொண்டிருக்கிறது.

வெங்கடம்மாள் ஜவளகிரிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், மெஸ்ஸில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். வீட்டுக்காரர் சென்னகிருஷ்ணனுக்கு மத்திகிரி கால்நடைப் பண்ணையில் வேலை. "அவுரு மாட்டுக்குத் தீனி போடறாரு, நான் மனுசனுக்குப் போடறேன். மாடு பாக்கி வெக்கறதில்ல" என்று சொல்லிச் சிரிக்கும். என் கட்டடத்துக்கு எதிர்சாரியில் தகரக் கொட்டகை போட்டு மெஸ் நடத்தியது. மதுரை, புதுக்கோட்டை, திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள் நாற்பது பேருக்கு மேல் அங்கேதான் மாசக் கணக்கில் சாப்பாடு.

முன்பெல்லாம் கம்பெனியில் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டாயிரத்துக்கு அப்புறம் எல்லாவற்றையும் நவீனமாக்குகிறோம் என்று ஆளுக்கொரு கார்டு கொடுத்துவிட்டார்கள். ஏழாம் தேதி சம்பளம். இருப்பது ஒரே மிஷின். காலை ஷிப்டுக்காரன் மதியம் வெளியே வருவதற்குள் மிஷினில் பணம் தீர்ந்திருக்கும். இரவு ஷிப்டுக்காரன் தூங்கி எழுவதற்குள் மறுபடியும் தீர்ந்திருக்கும். நவீனம் வந்ததும் பையன்கள் சம்பள நாளில் கடன் வாங்கி டீ குடித்தார்கள்.

புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் சக்திதான் முதலில் வழி கண்டுபிடித்தான். லேத் ஆபரேட்டர், வாய் ஜாஸ்தி. கார்டைக் கொண்டுவந்து வெங்கடம்மாளிடம் நீட்டினான்.

"யக்கா, இத நீயே வச்சுக்க. காலையில போயி எடுத்து, ஒம் பாக்கியக் கழிச்சிக்கிட்டு மிச்சத்தக் குடு."

"நம்பரு சொல்லு ரா."

சொன்னான். மறுமாதம் இன்னொருவன் கொடுத்தான். அடுத்த மாதம் பத்துப் பேர். பத்துக் கார்டுக்குப் பத்து நம்பர். வெங்கடம்மாள் ஒருவன் கார்டுக்கு இன்னொருவன் நம்பரை அமுக்க, மிஷின் இரண்டு கார்டை முழுங்கிவிட்டது. அன்றைக்கு மெஸ்ஸில் ஒரு சட்டம் போட்டது.

"இங்க பாருங்கப்பா. எங்கிட்ட கார்டு குடுக்கறவன் எல்லாம் ஒரே நம்பரு வெக்கணும். வெளிய என் போர்டுல போன் நம்பரு இருக்குதில்ல, அதுல கடைசி நாலு. மறந்தா நான் ரோட்டப் பாத்துக்கறேன்."

அப்படியே ஆயிற்று. நாற்பது சொச்சம் கார்டுகளின் ரகசிய எண், ஓசூர் மத்திகிரி ரோட்டில், டவுன் பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் படிக்கும்படி, சிவப்பு பெயிண்டில் ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருந்தது. மாசாமாசம் ஏழாம் தேதி காலையில் வெங்கடம்மாள் பிஸ்கட் டப்பாவில் கார்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வரும். வாட்ச்மேன் ஸ்டூல் போடுவார். ஒவ்வொரு கார்டிலும் இருப்பதைத் துடைத்தெடுத்து, கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு டப்பாவில் வைக்கும். மேனேஜர் அற்புதராஜுக்கு இது தெரியும். திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷன், வம்புக்குப் போகாதவர். கூட்டம் குறைகிறதே என்று சந்தோஷப்பட்டார்.

இந்த லட்சணத்தில்தான் இரண்டாயிரத்து ஏழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வங்கியைக் கம்ப்யூட்டர் திருடர்கள் தாக்கினார்கள்.

என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு எனக்கு அப்பளத்தை வைத்து விளக்கினார்கள். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஏ.டி.எம். தானாகப் பணம் கொடுப்பதில்லை. "இந்த ஆளுக்குக் கொடுக்கலாமா?" என்று சென்னைத் தலைமை அலுவலகத்தில் உள்ள ஒரு பெரிய மிஷினைக் கேட்கும். அது கணக்கைப் பார்த்து "கொடு" என்றால் கொடுக்கும். திருடர்கள் அந்தப் பெரிய மிஷினுக்குள்ளேயே புகுந்து, கணக்கைப் பார்க்காமலே "கொடு, கொடு" என்று சொல்லும்படி செய்துவிட்டார்கள். கள்ளக் கார்டு வைத்திருந்தவர்கள் டெல்லியிலும் பம்பாயிலும் கோணிப்பையில் அள்ளிக்கொண்டு போனார்கள். கோடிக்கு மேல் போய்விட்டது என்றார்கள். நான் எத்தனையோ பெரிய மனுஷர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் பார்க்காமல் கொடு கொடு என்று சொன்னவன் எவனும் உருப்பட்டதில்லை. மிஷினும் அப்படித்தான் போல.

தாக்குதலை ஆராய்வதற்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குழு கிளம்பியது. சென்னையில் திருட்டுப் போனதற்கு ஓசூருக்கு ஏன் வந்தார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கம்ப்யூட்டரில் கடந்த ஒரு வருஷத்துக் கணக்கை எல்லாம் சலித்துப் பார்த்தார்களாம். எல்லா ஊரிலும் மனுஷர்கள் மனுஷர்களைப் போலப் பணம் எடுத்திருக்கிறார்கள். ஓசூர் மத்திகிரி ரோட்டில் மட்டும், மாதத்தில் ஒரு நாள், ஒரே மிஷினில், வரிசையாக நாற்பது சொச்சம் கார்டுகள், ஒவ்வொன்றிலும் கடைசி நூறு ரூபாய்வரை காலி. மாசம் தவறாமல்.

"இதாங்க ஒத்திகை" என்றார் குழுத் தலைவர் கமலக்கண்ணன். "ஒரு வருஷமா இங்கதான் ரிகர்சல் பாத்திருக்காங்க."

கமலக்கண்ணன் கழுத்திலிருக்கும் அடையாள அட்டையைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று எனக்குச் சந்தேகம். கூட ஸ்வாதி என்று ஒரு பெண், கம்ப்யூட்டர் படித்தது, கெட்டிக்காரப் பெண். இன்னும் இருவர். ஒருவர் பேப்பர் அச்செடுப்பார், மற்றவர் அதற்குப் பின் குத்துவார். நான்கு பேருக்கும் மாடியில் ஒரு அறையை ஒதுக்கி, என்னிடம் கேட்காமலே என் சுவரில் ஆணியடித்து, படமும் அம்புக்குறியுமாக ஒட்டினார்கள்.

நடுவில் ஒட்டியிருந்தது ஏ.டி.எம். காமிரா எடுத்த போட்டோ. மேலிருந்து எடுத்தது, கலங்கலாக இருக்கும். ஒரு பெண்ணின் உச்சந்தலை, கொஞ்சம் கனகாம்பரம், மடியில் ஒரு டப்பா. அதன் கீழே ஆராய்ச்சிக் குறிப்பு எழுதியிருந்தார்கள்: வயது சுமார் முப்பது, முகத்தைக் காமிராவுக்குக் காட்டாமலிருக்கப் பயிற்சி பெற்றவர், டப்பாவுக்குள் மின்னணுக் கருவி இருக்கலாம்.

அற்புதராஜ் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அடிக்கடி தண்ணீர் குடித்தார். "யாருன்னு அடையாளம் தெரியலீங்களே சார்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

கிளையின் பதிவேட்டையும் ஆராய்ந்தார்கள். நாலைந்து நாள் மிஷின் வேலை செய்யாததற்குக் காரணம் என்ற இடத்தில் "யானை" என்று எழுதியிருந்தது. ராயக்கோட்டையிலிருந்து வருகிற பணவண்டி சானமாவுக் காட்டில் யானைக்கூட்டம் ரோட்டைக் கடக்கிறவரை நிற்கும், இது இந்த ஊரில் பால்காரனுக்கும் தெரியும். கமலக்கண்ணன் சுவரில் "யானை" என்று எழுதி, சுற்றி வட்டம் போட்டு, அது எந்த வகை வைரஸ் என்று சென்னைக்குக் கேட்டு எழுதினார். பதில் வரப் பத்து நாள் ஆனது. மேற்கொண்டு ஆராயவும் என்று வந்தது.

இந்தப் பத்து நாளும், அதற்கு அப்புறம் இன்னும் ஒரு மாதமும், அவர்கள் சாப்பிட்டது யார் கையால்? வெங்கடம்மாள் கையால். முதல் நாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பின் குத்துகிறவர் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அப்புறம் அற்புதராஜ்தான் மெஸ்ஸைக் காட்டினார். காலையில் இட்லி, மதியம் சாப்பாடு, ராத்திரி சப்பாத்தி, வாரத்தில் இரண்டு நாள் மீன். கேரியரை வாட்ச்மேன் மேலே கொண்டுபோவார். ராகிக் களியும் கீரைக் குழம்பும் தனியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் கமலக்கண்ணன். "பில்ல மொத்தமா ஹெட் ஆபீஸ் செட்டில் பண்ணிடும் மேடம்" என்று வெங்கடம்மாளுக்குப் போனில் சொன்னார். வெங்கடம்மாளும், வங்கியே கடன் சொன்னால் அதைவிடக் கெட்டி எது என்று நம்பி, அரிசி மண்டிப் பெரியதம்பியிடம் தன் பேரில் கடன் சொல்லி மூட்டை இறக்கியது. நடுவில் வந்த ஏழாம் தேதி முழுக்க நால்வரும் மிஷின் வாசலில் காவல் இருந்தார்கள், அன்றைக்குப் பார்த்து யானை நின்று பணவண்டி வரவில்லை, அவர்கள் களைத்துத் தூங்கிய மறுநாள் காலையில்தான் வெங்கடம்மாள் டப்பாவோடு போனது.

ஒரு நாள் வாட்ச்மேன் லீவு. கேரியரைத் தூக்கிக்கொண்டு வெங்கடம்மாளே மாடியேறியது. அன்றைக்கு நான் வாடகை ரசீது விஷயமாக மேலே இருந்தேன். கேரியரை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தது. சுவரைப் பார்த்தது.

"அய்யோ தேவுடா, இது நான்தானே!"

பின் குத்துகிறவர் கையில் குத்திக்கொண்டார்.

"இதென்னா சார் போட்டோ, இப்படி மண்டைய மட்டும் புடிச்சிருக்கீங்க? கனகாம்பரம் கூட வாடிப் போய் தெரியுது. ஏண்ணா," என்று என் பக்கம் திரும்பியது, "கீழ என்னமோ எழுதியிருக்குதே, என்னா அது?"

நான் படித்துக் காட்டினேன். தமிழ் எனக்குத் தடுமாறாது.

"முப்பது வயசா!" வெங்கடம்மாளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா இருக்கணும் சார் நீங்க. இத எனக்கு ஒண்ணு குடுங்க, எங்கூட்டு ஆளுக்குக் காட்டணும்."

கமலக்கண்ணன் கதவைச் சாத்தினார். என்னை வெளியே போகச் சொன்னார். என் கட்டடத்தில் என்னை எந்தக் கதவுக்கு வெளியே நிறுத்துவது? நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விசாரணை நடந்தது.

"அந்த டப்பால என்ன மேடம் இருக்கு?"

"கார்டு. பசங்களுது."

"அவங்க பின் நம்பர் எல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான சார்."

"ஒண்ணுதான்னா? எங்க எழுதி வச்சிருக்கீங்க?"

வெங்கடம்மாள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தது. எதிர்சாரியில் மெஸ் போர்டு வெயிலில் பளபளவென்று தெரிந்தது. "அதோ. செவப்புல."

கமலக்கண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போர்டில் இருந்த கடைசி நாலு எண்ணையும் வாய்க்குள் படித்தார். பிறகு, "இதுலேருந்து எவ்வளவு பணம் காணாமப் போயிருக்கு?" என்று ஸ்வாதியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு ரூபா கூட இல்ல சார். எல்லா அக்கவுண்ட்டும் மாசத்துல ஒரு நாள்தான் காசோட இருக்கு. மத்த நாள்ல திருட வந்தவன் ஏமாந்துதான் போயிருப்பான்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலாக இருந்தால் முடிந்திருக்கும். தராசில் வைத்தோமா, பார்த்தோமா, தவறென்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கினோமா என்று போய்விடுவோம். ஆனால் இது ஆராய்ச்சி. ரிப்போர்ட்டில் யாராவது இருக்க வேண்டும். உண்மையான ஓட்டையை ஸ்வாதி வந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாம். தலைமை அலுவலகத்திலேயே ஒரு மிகப் பெரிய அதிகாரிக்கு, சிங்கப்பூருக்கு இலவசமாகச் சுற்றுலா, இங்கே அமுக்கவும் என்று கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அவர் அமுக்கியிருக்கிறார். திருடன் அந்த வழியாக உள்ளே போய்விட்டான். இதை ஸ்வாதி சொன்னபோது, "அது தனி, இது தனி" என்று கமலக்கண்ணன் ஒதுக்கி வைத்தார். அந்த அதிகாரிதான் கமலக்கண்ணனின் டூர் பில்லில் கையெழுத்துப் போடுகிறவர்.

ஆக, ரிப்போர்ட்டில் அதிகாரியைப் பற்றி "மேல்மட்டத்தில் ஒரு கணினி" என்று ஒரு வரி. வெங்கடம்மாளைப் பற்றி பக்கம் பக்கமாக. கணவர் பெயர், கதவு எண், டப்பாவின் கம்பெனிவரை இருந்தது. நாற்பது சொச்சம் கார்டுகளையும் முடக்கினார்கள். வெங்கடம்மாள் பெயரைக் கம்ப்யூட்டரில் சிவப்புப் பட்டியலில் ஏற்றினார்கள். சிவப்பில் இருக்கிற ஆளுக்கு வங்கி ஒரு காசு கொடுக்கக் கூடாதாம். எனவே சாப்பாட்டு பில்லும் நின்றது. அதோடு கிருஷ்ணகிரி போலீசுக்குப் புகார் அனுப்புவதாகவும் பேச்சு.

பெரியதம்பி மண்டியிலிருந்து ஆள் அனுப்பினான். பாக்கி வராவிட்டால் அடுத்த மூட்டை கிடையாது, கேஸில் மாட்டிய ஆளுக்கு யார் கடன் கொடுப்பார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தான். மூட்டை வராவிட்டால் மெஸ் இல்லை. இருபது வருஷமாக அடுப்பில் வெந்து கட்டிய மெஸ்.

அன்று மதியம் வெங்கடம்மாள் மறுபடி மாடியேறியது. கையில் கேரியர் இல்லை.

"சாப்பாடு மேடம்?" என்றார் கமலக்கண்ணன்.

"இல்ல சார்."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"திருட்டுக் கேஸ்ல என் பேர எழுதிட்டீங்க. திருடி ஆக்கின சோத்த நீங்க எப்படித் திங்கறது? பாவம் வந்துடுமில்ல. நீங்க எல்லாம் படிச்சவங்க, ஒசந்த உத்தியோகம்."

"அது ப்ரொசீஜர் மேடம், பர்சனலா எடுத்துக்காதீங்க."

"பசி மட்டும் பர்சனல்தான சார்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டது.

அன்றே என் கட்டடத்தில் மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் பழுதானது. எப்படிப் பழுதானது என்று கேட்காதீர்கள். மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு ஓசூரில் எவனுக்கும் தெரியாது, அவ்வளவுதான் சொல்வேன்.

இரண்டு நாளில் ஏழாம் தேதி வந்தது.

கார்டு முடக்கம். ஆகவே நாற்பது சொச்சம் பையன்களும் நேரில் வந்தார்கள். அரை நாள் லீவு போட்டு, கிரீஸ் கறை படிந்த சட்டையோடு, படியில் ஆரம்பித்து ரோடுவரை வரிசை. ஒவ்வொருவனுக்கும் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சீட்டில் போட்ட கையெழுத்து கணக்குத் தொடங்கும்போது போட்ட கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. கணக்குத் தொடங்கும்போது பாதிப் பேருக்குக் கம்பெனி கிளார்க்கே கையெழுத்துப் போட்டிருந்தான். நகை லோனுக்கு வந்தவர்கள் உள்ளே நுழைய முடியாமல் கீழே நின்று கன்னடத்தில் திட்டினார்கள்.

"சார், எங்க யக்கா இருந்தா இந்நேரம் எல்லார் காசும் கையில இருக்கும்," என்று சக்தி கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சத்தமாகச் சொன்னான். "அதுக்குப் பேரு திருட்டுன்னா, நீங்க பண்றதுக்கு என்ன சார் பேரு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அற்புதராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க. கம்பெனிக்காரன் போன் பண்ணுதான். சம்பளக் கணக்க எல்லாம் வேற பேங்குக்கு மாத்தப் போறானாம். கெளையே காலியாயிரும் போலுக்கு."

"காலியானால் என் மாடிக்கு வாடகைக்கு வர ஓசூரில் வேறு ஆள் இல்லையா மேனேஜர் சார்? இந்தக் கட்டடத்துக்கு நாலு பேர் அட்வான்ஸோடு சுற்றுகிறார்கள்" என்றேன். சுற்றவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த கெட்டியைக் கேட்டு அவர் நேராகக் குழுவின் அறைக்குள் போய்த் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

போனை எல்லோரும் கேட்கும்படி மேஜையில் வைத்தார்கள். அந்தப் பக்கம் ஒரு கூட்டமே பேசியது. சம்பளக் கணக்குகள் கை நழுவுகின்றன என்றதும் குரல்கள் இறங்கின. அந்தம்மாள் சந்தேகத்துக்குரியவர் அல்ல, சாதாரண வாடிக்கையாளர் என்று ரிப்போர்ட்டை இப்போதே திருத்தி அனுப்பவும். கார்டுகளை இன்றே திறக்கவும். அனுப்பி முடிக்கும்வரை குழுவில் யாரும் போனைவிட்டு எழக் கூடாது. இத்தனையும் ஐந்து நிமிஷத்தில் முடிவானது. நாற்பது நாள் ஆராய்ச்சியில் கிடைக்காத நியாயம்.

"சாப்பாட்டு பில்?" என்று நான் போன் பக்கம் குனிந்து கேட்டேன். யார் பேசுவது என்று கேட்டார்கள். கட்டடத்து ஓனர் என்றேன். கொஞ்சம் மரியாதையாகப் பதில் வந்தது. பெயர் சிவப்பில் இருக்கும்வரை கம்ப்யூட்டர் பணம் தராது. கிளைக் கல்லாவிலிருந்து எடுத்தாலும் அதே கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். சிவப்பை நீக்கப் பெரிய அதிகாரி கையெழுத்து வேண்டும். அவர் லீவில் இருக்கிறார்.

"எங்கே போயிருக்கிறார்?" என்றேன்.

ஸ்வாதி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது.

அப்போதுதான் வெங்கடம்மாள் வாசலில் வந்து நின்றது. இரண்டு நாளாகப் பன்னும் வாழைப்பழமும் தின்ற நான்கு முகங்களும் அதன் கையைப் பார்த்தன.

"கேரியர் கீழ படிக்கட்டுல இருக்குது சார். களி, கீரைக் கொழம்பு, நெத்திலி வறுவல். காசு மேல வந்தா சோறு மேல வரும்."

கமலக்கண்ணன் மற்றவர்களைப் பார்த்தார். "நம்ம கையிலேருந்து குடுத்துட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணிக்கலாம்" என்றார். நான்கு பர்ஸுகள் திறந்தன. நான்கிலும் சேர்த்து ஆயிரம் தேறவில்லை. கார்டுதான் இருந்தது. கீழே மிஷின் இருக்கிறது, ஆனால் போனைவிட்டு எழக் கூடாது. அற்புதராஜ் கவுண்டரில் பையன்களுக்கு நடுவே சிக்கியிருந்தார். வாட்ச்மேனிடம் கார்டைக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னதும், "முன்ன பின்ன தெரியாதவன நம்பி எப்படி?" என்று கமலக்கண்ணன் மறுத்துவிட்டார்.

"நான் வேணா போய் எடுத்தாரட்டா சார்?" என்றது வெங்கடம்மாள். "எனக்குப் பழக்கம்தான்."

போனில் யாரோ இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். நெத்திலி வாசம் படியேறி வந்துவிட்டது. கமலக்கண்ணன் தன் கார்டை எடுத்து நீட்டினார். அடுத்தடுத்து மற்ற மூன்றும் வந்தன. போனைக் கையால் மூடிக்கொண்டு தன் நம்பரைக் கிசுகிசுத்தார்.

"நாலு பேரு நாலு நம்பரு சொன்னா நான் எங்க சார் ஞாபகம் வெக்கறது? எழுதிக் குடுங்க."

கையில் கிடைத்த தாளின் ஓரத்தைக் கிழித்து நான்கு எண்களையும் எழுதிக் கொடுத்தார். அது எந்தத் தாள் என்று ஸ்வாதி எனக்குக் காட்டியது. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கம். கார்டையும் ரகசிய எண்ணையும் பிறரிடம் கொடுக்கும் படிப்பறிவற்ற பழக்கத்தை இந்த வட்டாரத்தில் ஒழிக்க வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததாம், அதற்கு நேர் கீழே.

கீழே மிஷின் வாசலில் பையன்கள் வழிவிட்டார்கள். யாரோ ஸ்டூலைப் போட்டார்கள். பழக்கம் விடுமா, வெங்கடம்மாள் ஒவ்வொரு கார்டையும் அதன் பணத்தோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு, நான்கு கட்டாக மேலே கொண்டுவந்து கமலக்கண்ணன் முன்னால் வைத்தது.

"எடுத்துக்கங்க மேடம், சரியாத்தானே இருக்கும்" என்றார் அவர், கேரியர் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு.

"ஊஹூம். நானே எடுத்துக்கிட்டேன்னு நாளைக்கி நீங்க எழுதிட்டா? நீங்களே எண்ணிக் குடுங்க சார். தீர்த்தகிரி அண்ணன் சாட்சி."

சொல்லிவிட்டு வலது கையை விரித்து நீட்டியது. இருபது வருஷம் அடுப்பங்கரையில் சுட்டுச் சுட்டுக் காய்த்துப்போன கை. சுவரில் முப்பது வயதுக்காரி உச்சந்தலையைக் காட்டிக்கொண்டிருக்க, போனில் தலைமை அலுவலகம் "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்க, கமலக்கண்ணன் ரப்பர் பேண்டுகளைக் கழற்றினார். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, வாய்விட்டு எண்ணி, நோட்டு நோட்டாக அந்தக் கையில் வைத்தார். பதினெட்டாயிரம் ஆனதும் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். கை மூடவில்லை. மிச்சம் நான்கு நூறையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.